வெளிப்பேணிக்கு விருது

அளவெட்டி அருளம்பலத்தார் அரசாங்க எழுத்துவேலை பார்த்து இளைப்பாறிய இலிகிதர். வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது. கலியாண அழைப்பிதழ் வந்தால்கூட, "தங்கள் அழைப்பிதழ் கிடைக்கப்பெற்றது, உரிய நேரத்தில் சமுகமளிக்கப்படும்" என்று ஒரு வரி எழுதி, அதன் பிரதியைக் கடிதக் கோவையில் போட்டுவைக்கிற மனிதர். ஆகையால் மாசி மாதத்தில் ஒருநாள் "வடபுல வீட்டுப்பாவனைப் பொருள் வடிவமைப்பு அதிகாரசபை" என்று தலையில் அச்சடித்த கடிதமொன்றைக் கிராம சேவகர் வீடுவீடாகப் போட்டுவிட்டுப் போனபோது, ஊரில் மற்றவர்கள் அதை அடுப்பு மூட்ட எடுத்துக்கொள்ள, அவர் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருந்து வாசித்தார்.

நவீன வடிவமைப்பு தொழிற்சாலைகளை விட்டு அடுக்களைகளுக்குள் வந்துவிட்ட இக்காலத்தில் தமிழர்தம் இல்லங்கள் பின்தங்கிவிடலாகாது என்றது கடிதம். ஒவ்வொரு வீட்டாரும் தம்மிடமுள்ள அன்றாடப் பொருள்களில் மிகச் சிறந்த வடிவமுடைய ஒன்றைத் தெரிந்து, இணைக்கப்பட்ட பதினைந்து நிரல் படிவத்தைப் பூர்த்திசெய்து வைத்திருக்க வேண்டும். உத்தியோகத்தர்கள் நேரில் வந்து பார்வையிடுவார்கள். மாகாணத்திலேயே முதலாவதாக வருகிற பொருளுக்கு விருதும், அதைப் போல ஆயிரம் பொருள் செய்து வெளியிடும் பெருமையும் கிடைக்கும். ஒன்பதாம் நிரல்: "பொருளின் நோக்கம் (எவருக்காக, ஏன்)".

அதிகாரசபையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நல்லூரில் கண்ணாடிக் கட்டடம் கட்டி இரண்டு வருடமாகியிருந்தது. அதன் வாசற்கதவுக்குக் கைபிடி கிடையாது. கைபிடி என்பது பழைய சிந்தனை என்று தலைவர் தீர்மானித்திருந்தார். கதவைத் திறந்துவிடுவதற்கென்று லெனாட் என்றொரு சிற்றூழியரை நியமித்தார்கள். அவர் மதியம் சாப்பிடப் போனால் உள்ளே இருப்பவர்கள் உள்ளேயும் வெளியே நிற்பவர்கள் வெளியேயும் நிற்பார்கள். சபையின் முதற் சாதனை, நின்றுகொண்டே தேங்காய் துருவுகிற துருவலை. நாற்பது துருவலை செய்து மாதர் சங்கங்களுக்குக் கொடுத்தார்கள். அவற்றில் எவரும் தேங்காய் துருவியதாகத் தகவல் இல்லை. ஆனால் நல்ல பாரமான பொருள் என்பதால், காற்றுக்கு வாசற் படலை அடிபடாமல் முட்டுக்கொடுக்க உதவுகிறது என்று எல்லாச் சங்கங்களும் நன்றிக் கடிதம் எழுதியிருந்தன.

அருளம்பலத்தார் ஒரு கிழமை ஆயத்தம் செய்தார். பிரஷர் குக்கர், மிக்சி, ஜப்பான் பிளாஸ்க், கனடாவிலிருந்து மகள் அனுப்பிய மின்சாரக் கேத்தல், ஷோகேசில் பூட்டிக் கிடந்த தங்க விளிம்புக் கோப்பைகள் ஆறு, இவ்வளவையும் துடைத்து, விறாந்தை மேசையில் வெள்ளைத் துணி விரித்து, இலக்கம் ஒட்டி அடுக்கினார்.

"பெட்டைக்கு மாப்பிளை பாக்க வந்த நேரமும் நீங்கள் இவ்வளவு அடுக்கேல்லை," என்றாள் மனைவி தவமலர்.

"அது எங்கடை வீட்டு அலுவல். இது மாகாண அலுவல்," என்றார் அவர்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வடிவமைப்பு உத்தியோகத்தர் பிரவீணன். கறுப்புச் சட்டை, தாடி. மிலான் நகரில் ஆறு கிழமை பயிற்சி பெற்றவர் என்பது அவர் வாகனத்தை விட்டு இறங்கின மூன்றாவது நிமிடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மற்றவர் ஆவண உத்தியோகத்தர் தயாளினி. பிரவீணன் சொல்வதையெல்லாம் எழுதுவது அவருடைய வேலை.

பிரவீணன் குக்கரைத் தூக்கிப் பார்த்தார். "இதுக்கை ஆன்மா இல்லை ஐயா."

தயாளினி எழுதினார்: ஆன்மா இல்லை.

மிக்சியின் பட்டனை இரண்டுதரம் அமத்தினார். "இந்தப் பட்டன் பொய் சொல்லுது."

"கரண்ட் இல்லைத் தம்பி," என்றார் அருளம்பலத்தார்.

"கரண்ட் வந்தாலும் பொய்தான் சொல்லும்."

தங்க விளிம்புக் கோப்பையைப் பார்த்ததும் பிரவீணனின் முகம் நோயாளியைப் பார்க்கிற வைத்தியரின் முகம் போல ஆனது. "அலங்காரம். அலங்காரம் ஒரு வருத்தம் ஐயா. இதிலை ஆரும் குடிக்கிறதில்லை, என்ன?"

"விசேசமான ஆக்கள் வந்தால்…"

"பாவனையில்லாத பொருள் பொருளே இல்லை."

மேசையிலிருந்த அவ்வளவும் அரைமணித்தியாலத்துக்குள் தோற்றுப்போயின. அருளம்பலத்தார் நிரல்களைப் பென்சிலால் நிரப்பி வைத்ததே நல்லது என்று நினைத்தார். அப்போது பிரவீணன், கை கழுவ வேண்டும் என்று வீட்டுக்குப் பின்பக்கம் போனவர், கனநேரமாகத் திரும்பி வரவில்லை. பிறகு பின்னாலிருந்து, குருவி பறந்துவிடும் என்று பயந்தவர் மாதிரி மெல்லிய குரலில் கூப்பிட்டார்.

"தயாளினி… இஞ்சை வாங்கோ. கமெராவைக் கொண்டு வாங்கோ."

குசினிக்கு வெளியே, கூரை விளிம்புக்குக் கீழே, தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஓர் ஆணியில் அது தொங்கியது. வெள்ளை எனாமல் பேணி. விளிம்பில் நீலக் கோடு, அங்கங்கே எனாமல் உதிர்ந்து கறுப்பு. காதில் ஒரு முழ நீளத்துக்குக் கம்பி முறுக்கி, நுனியைக் கொழுக்கியாக வளைத்திருந்தது. வயிற்றில் ஒரு சிவப்புப் பெயின்ற் பொட்டு.

அந்தப் பேணியின் வேலை ஊரில் எல்லாருக்கும் தெரியும். வாயால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். தேங்காய் பிடுங்கவும் வேலி அடைக்கவும் வருகிற செல்வரட்ணம் தேத்தண்ணி குடிக்கிற பேணி அது. வீட்டுப் பாத்திரத்தில் அவர் வாய் வைக்கக் கூடாது. அவர் வாய் வைத்தது வீட்டுக்குள் வரக் கூடாது. அவருடைய சாதி அப்படி, இவர்களுடைய சாதி இப்படி. தவமலர் கம்பியில் பிடித்துப் பேணியை எடுத்துவைத்து, கேத்தலை உயர்த்திப் பிடித்து ஊற்றுவாள், அவர் குடித்துவிட்டுக் குழாயில் தானே கழுவி ஆணியில் கொழுவிவிட்டுப் போவார். இதற்காக வீட்டில் எவரும் எவரோடும் ஒருநாளும் சத்தமாகக் கதைத்தது கிடையாது. அவ்வளவு மரியாதையான ஏற்பாடு.

"இதை ஆர் வடிவமைச்சது?" என்று கேட்டார் பிரவீணன்.

"கடையிலை வாங்கினது தம்பி."

"இந்தக் கம்பி?"

"அது… நான் வளைச்சனான்."

"எந்த வருசம்?"

"தொண்ணூற்றாறு. வைகாசி." திகதி கேட்டால் பொய் சொல்ல அவருக்கு வராது.

"ஏன் இவ்வளவு நீளம்?"

குசினி வாசலில் நின்ற தவமலருக்கு இருமல் வந்தது. "எட்டி எடுக்கிறதுக்கு," என்றார் அருளம்பலத்தார்.

"அதாவது, பேணியிலை கை படாமல்?"

"ஓம்… கை படாமல்."

பிரவீணன் கண்ணை மூடிக்கொண்டார். "கொரோனாவுக்குப் பிறகு உலகமே தேடுற விசயம். இருபத்தெட்டு வருசத்துக்கு முந்தி அளவெட்டியிலை! சரி, இந்தச் சிவப்புப் பொட்டு?"

"மற்றதுகளோடை மாறுப்படாமல் இருக்க."

"பயனர் அடையாளம். எழுதுங்கோ தயாளினி. உள்ளுக்கு வைக்காமல் ஏன் வெளியிலை?"

"உள்ளுக்கு இடம் காணாது."

அவருடைய குசினிக்குள் ஒரு ஓட்டோவை விட்டுத் திருப்பலாம். பிரவீணன் திரும்பிப் பார்க்கவில்லை. "இடச் சிக்கனம்," என்று சொல்லி, பேணியை இரண்டு கையாலும், சுவாமி தூக்குகிறவர் போல ஏந்தி எடுத்தார். தயாளினி படிவத்தில் பென்சில் எழுத்தை அழித்து, பேணிக்கென்று நிரல்களை நிரப்பி, பற்றுச்சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

"ஒன்பதாம் நிரல் வெறுமையா இருக்கு ஐயா. எவருக்காக, ஏன்?"

அருளம்பலத்தார் பென்சிலை எடுத்தார், வைத்தார். "ஆறுதலா எழுதி அனுப்பிறன் பிள்ளை."

வாகனம் போனபிறகு தவமலர் ஆணியைப் பார்த்தாள். "மெய்யே, உதைக் கொண்டுபோய் ஆருக்குக் காட்டப் போகினம்?"

"அது… வடிவத்தைத்தான் பாப்பினம்," என்றார் அவர். ஆனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் செல்வரட்ணம் தேங்காய் பிடுங்க வந்தார். அவர் அருளம்பலத்தாரைவிட இரண்டு வயது மூத்தவர். இருந்தும் இவர் அவரை 'நீ' என்பார், அவர் இவரை 'ஐயா' என்பார். ஏழு மரம் ஏறி இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தவர், வெறும் ஆணியைப் பார்த்தபடி நின்றார்.

உள்ளே தவமலர் புருசனின் காதுக்குள், "இஞ்சாருங்கோ, எதிலை குடுக்கிறது?" என்றாள்.

அருளம்பலத்தார் ஒழுங்கான மனிதர் அல்லவா, குசினி அலுமாரியை மேலிருந்து கீழ்வரை எண்ணிப் பார்த்தார். கோப்பை, பேணி, கிளாஸ் எல்லாமாக முப்பத்தாறு இருந்தன. முப்பத்தாறில் ஒன்றையும் எடுத்துக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை. தவமலர், எறிவதற்கு வைத்திருந்த யோகட் கப் ஒன்றைக் கழுவி, அதில் ஊற்றிக் கொடுத்தாள். சுடுதேத்தண்ணி பட்டதும் அது ஒரு பக்கம் நெளிந்து, பிறகு மற்றப் பக்கம் நெளிந்தது.

"கப்பு மயங்குது ஐயா," என்றார் செல்வரட்ணம், அதை ஒரு விரலிலிருந்து மற்ற விரலுக்கு மாற்றியபடி. "என்ரை பேணி எங்கை?"

"அதை அதிகாரசபைக்காரர் கொண்டு போட்டினம்."

"ஏன், பொலிசோ?"

"சீச்சீ, நல்ல விசயம். பரிசு குடுக்கப் போகினமாம்."

"பேணிக்கோ?"

"ஓம்."

செல்வரட்ணம் யோசித்தார். "அது அப்பிடி என்ன செய்தது?"

அருளம்பலத்தார் வானத்தைப் பார்த்து, மழை வரும் போல இருக்கிறது என்றார். மாசி மாத வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

பங்குனி மாதம் அவரை நல்லூருக்குக் கூப்பிட்டார்கள். இறுதித் தெரிவு. லெனாட் கதவைத் திறந்துவிட்டு, "கெதியாப் போங்கோ ஐயா, அது தானா மூடும், போன கிழமை கணக்காளரின்ரை வேட்டியைப் பிடிச்சிட்டுது," என்றார். கூட்ட மண்டபத்தில் பன்னிரண்டு கதிரைகள் இருந்தன. பன்னிரண்டும் கொழும்பில் விருது எடுத்தவை. இருந்தால் முன்பக்கமாக வழுக்கும் என்பதால் சபை உறுப்பினர்கள் எல்லாரும் சுவரோரமாக நின்றபடியே கூட்டம் நடத்தினார்கள். மேசை நடுவில், கண்ணாடிக் கூட்டுக்குள், அந்தப் பேணி.

தலைவர் கலாநிதி சபாநாதன் குச்சியால் அதைச் சுட்டிக்காட்டிப் பேசினார். "பாருங்கள். ஓர் ஆலைப் பொருள். ஆயிரத்தில் ஒன்று. அதை இவர் வாங்கி, ஒரு கம்பியும் ஒரு பொட்டும் போட்டு, ஒரே ஒரு மனிதருக்குரிய பொருளாக மாற்றிவிட்டார். ஒவ்வொரு மனிதருக்கும் தனித்தனிப் பாத்திரம்! மேற்குலகம் இந்த இடத்துக்கு வர நூறு வருடம் எடுத்தது."

அருளம்பலத்தார் ஓரடி முன்னால் வந்தார். வரும் வழியில், பஸ்ஸிலேயே, உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒருமாதிரி முடிவெடுத்திருந்தார். "ஐயா, ஒரு திருத்தம். அந்தப் பேணி… வீட்டுக்காரருக்கு இல்லை. அது வேறை ஆக்கள் வந்தால்…"

"அதேதான்! வேறு ஆட்களுக்கு வேறு வடிவம்!" என்றார் தலைவர். "நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கும் ஞாபகம் வருது. எங்கடை வீட்டிலையும் இப்பிடி ஒண்டு பின்பக்கம் தொங்கினது. சின்னனிலை நான் அதைத் தொட்டிட்டன் எண்டு அம்மா என்னை அடிச்சு, தலையிலை தண்ணி வாத்து முழுகவைச்சவ. ஏன் எண்டு அப்ப விளங்கேல்லை. இப்ப விளங்குது. ஒரு பொருளை அதற்குரியவர் மட்டுந்தான் கையாள வேணும் எண்ட ஒழுக்கம்! எழுத்தறிவு குறைஞ்ச மனிசி, ஆனால் பிறவி வடிவமைப்பாளர்."

ஓர் உறுப்பினர் தன் சப்பாத்தைப் பார்த்தார். இன்னொருவர் யன்னலைப் பார்த்தார். "எங்கடை வீட்டிலை சிரட்டை," என்று மூன்றாமவர் மெல்லச் சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார். அருளம்பலத்தார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர் இருந்தால் அது பிரவீணனுக்குப் பயிற்சி கொடுத்து, இங்கே சுவரில் படமாகத் தொங்குகிற மிலான்காரர்தான்.

"ஒன்பதாம் நிரலுக்கு என்ன போட?" என்று கேட்டார் தயாளினி.

"தூய்மை," என்றார் தலைவர். ஏகமனதாக நிறைவேறியது. அருளம்பலத்தாரும் தலையாட்டினார். தலையாட்டியதை அவர் பிறகு பலதரம் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அதிகாரசபை அந்தப் பேணியைப் போல ஆயிரம் பேணி செய்தது. துருப்பிடிக்காத உருக்கு, இறப்பர் பூசிய நீளக் கைபிடி, நுனியில் கொழுக்கி, வயிற்றில் சிவப்புப் பொட்டு. அதற்குப் 'புறம்' என்று பெயரும் வைத்து, பெட்டியின் மேல் "புறம் – இனி ஒவ்வொரு இல்லத்திலும்" என்று அச்சடித்தார்கள்.

சித்திரையில் விழா. அளவெட்டியிலிருந்தே நாதஸ்வரமும் தவிலும் போயின. அருளம்பலத்தாரைப் பொன்னாடைக்காக முன்வரிசையில் இருத்தினார்கள். அவர் சட்டைப் பையில் நன்றியுரை ஒன்று எழுதி வைத்திருந்தார்; ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் உண்மை இருந்தது. மற்றதில் நன்றி மட்டும் இருந்தது.

முதலில் தேநீர் உபசாரம். பிரதம விருந்தினர், பேராசிரியர்மார், கோயில் தர்மகர்த்தாக்கள், அவர்களுடைய பட்டுச்சேலை மனைவிமார், இருநூறு பேரின் கையிலும் புறம் பேணி. வீட்டில் பிறத்தியார் வாய் வைத்த பாத்திரத்தை மூன்றுதரம் கழுவுகிற மனிதர்கள், நீளக் கைபிடியைப் பிடித்துச் சிவப்புப் பொட்டுத் தெரியத் தூக்கி உறிஞ்சுவதைப் பார்க்க அருளம்பலத்தாருக்குச் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, எழும்பி ஓட வேண்டும் போலவும் இருந்தது. தன் பேணியை அவர் கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டார்.

அப்போதுதான் பக்கக் கதவால் செல்வரட்ணத்தைக் கண்டார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, மண்டபத்துக்கு வெளியே வேம்புக்குக் கீழே நின்றார். 'பாவனையாளர்' என்று நெஞ்சில் அட்டை குத்தியிருந்தது. கையில் கடதாசிக் கப்.

அருளம்பலத்தார் எழும்பிப் போனார். "நீ இஞ்சை எப்பிடி?"

"வாகனம் அனுப்பினவை ஐயா. கிராம சேவகர் பேர் குடுத்தவராம். மேடையிலை கதைக்கட்டாம்."

"உள்ளுக்கு வந்து குடியன்."

"கேட்டனான். பேணியள் விருந்தினருக்கு மட்டுந்தான் எண்ணி வைச்சதாம். எனக்கு வெளியிலை தந்தினம்." அவர் கடதாசிக் கப்பைத் தூக்கிப் பார்த்தார். "இது நெளியேல்லை. உங்கடை யோகட் கப்பிலும் திறம்."

விழா தொடங்கியது. தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். கைகளால் செய்த காலம், ஆலைகளில் செய்த காலம், சிந்தித்துச் செய்யும் காலம் என்று மனித வரலாற்றை மூன்றாகப் பிரித்து, மூன்றாவது காலம் அளவெட்டியில் ஒரு குசினிக்குப் பின்னால் தொடங்கியது என்று முடித்தார். பிறகு, "இருபத்தெட்டு வருடம் இந்த வடிவமைப்பின் பயனை அனுபவித்த பாவனையாளர் தம் அனுபவத்தைப் பகிர்வார்" என்றார்.

செல்வரட்ணம் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றார். மரம் ஏறுகிறவரின் நிதானத்தோடு முதலில் அதன் தண்டை அசைத்துப் பார்த்தார்.

"நல்ல பேணி," என்றார்.

கைதட்டல்.

"இருபத்தெட்டு வருசம் நான் அதிலை குடிச்சனான். ஒருநாளும் மாறுப்படேல்லை. அந்தப் பொட்டு இருக்கிறபடியால் ஐயா வீட்டிலை ஒருத்தரும் பிழையா எடுத்துக் குடிக்கேல்லை. சின்னப் பிள்ளையளுக்குக்கூடத் தெரியும்."

இன்னும் பெரிய கைதட்டல். பிரவீணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மழை பெஞ்சால் பேணி நனையும். பேணி நனைஞ்சால் என்ன, நானும் வெளியிலைதானே நிண்டனான்." அவர் முன்வரிசையைப் பார்த்தார். "இதுக்கு முந்தி, தொண்ணூற்றைஞ்சிலை, எல்லாரும் இடம்பெயர்ந்து போய் சாவகச்சேரியிலை ஒரு பள்ளிக்கூடத்திலை இருந்தனாங்கள். ஐயாவும் நானும் ஒரே வகுப்பறை. ஒரு வாளி, ஒரு தகரப் பேணி. ஐயாவுக்குக் காய்ச்சல் வந்த நேரம் நான் குடிச்ச மிச்சத்தை ஐயா குடிச்சவர். இன்னும் தா எண்டும் கேட்டவர். அப்ப இந்த வசதியள் ஒண்டும் இல்லை."

அருளம்பலத்தாருக்குத் தன் வாய்க்குள் அந்தத் தகரத்தின் ருசி வந்தது. வைகாசியில் ஊர் திரும்பி, கூரைக்கு ஓடு போட்ட அதே கிழமை, சந்தையில் அந்த எனாமல் பேணியை வாங்கி, குறட்டால் கம்பியை முறுக்கியது அவருடைய இந்தக் கை. அந்தக் கம்பியால் பேணியை ஆணியில் கொழுவியபோது, ஊர் பழையபடி ஊராகிவிட்டது என்று மனதுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிதான் இப்போது அவரைக் கொன்றது.

தலைவர் ஒலிவாங்கியைப் பாய்ந்து பிடித்தார். "கேட்டீர்களா! வடிவமைப்பு இல்லாத காலத்தில் மனிதன் பட்ட துன்பம்! நோயாளியும் மற்றவரும் ஒரே பேணியில்! அந்த இருண்ட நிலையிலிருந்து நம்மை மீட்ட அருளம்பலம் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்."

மண்டபம் எழுந்து நின்றது. பொன்னாடை தோளில் விழுந்தது. செல்வரட்ணம் மூன்றடி தள்ளி நின்று மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினார். அருளம்பலத்தார் பைக்குள் கையை விட்டார். இரண்டு தாள், எது எது என்று விரலுக்கே தெரிந்தது, உண்மையை எழுதிய தாள் நான்காக மடித்தது. அவர் இரண்டாக மடித்ததை எடுத்து வாசித்தார். எல்லாருக்கும் நன்றி சொன்னார். ஒலிபெருக்கிக்காரருக்கும் நன்றி சொன்னார். செல்வரட்ணத்தின் பெயர் அந்தத் தாளில் இருக்கவில்லை.

விருதோடு அவருக்கு ஆறு புறம் பேணி கொடுத்தார்கள். பாவனையாளருக்கு ஒன்று.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் அவர் அந்தப் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. நான்காம் நாள் மேசைக்கு முன்னால் இருந்து, மற்றத் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதிகாரசபைக்குக் கடிதம் எழுதினார். "ஒன்பதாம் நிரல் – திருத்தம்" என்று தலைப்பிட்டு, கீழே கோடு போட்டார். "மேற்படி பேணி தூய்மைக்காக அல்ல. செல்வரட்ணம் எங்கள் சாதியார் அல்லர் என்பதால், எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் அவர் குடிக்கக் கூடாது என்பதற்காக என்னால் செய்யப்பட்டது. கம்பியும் பொட்டும் அதற்காகவே. நான் வெட்கப்படுகிறேன். விருதை மீளப் பெற்றுக்கொள்ளவும்." பதிவுத் தபாலில் அனுப்பினார். பிரதியைக் கோவையில் போட்டார். அன்றைக்குச் சோறு இறங்கியது.

பதில் பத்தாம் நாள் வந்தது.

"தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. விருது வழங்கியபின் படிவத்தின் எந்த நிரலும் திருத்தப்பட மாட்டாது என்பதை அறியத்தருகின்றோம். எனினும் தாங்கள் குறிப்பிட்டுள்ள பயன்பாட்டுக்கு மாகாணத்தின் பல இல்லங்களில் இன்னமும் தேவை நிலவுவதாக எமது சந்தை ஆய்வும் காட்டுகின்றது. விலைப்பட்டியலில் அதனை வெளிப்படையாகக் குறிப்பிடுவது உசிதமன்று. முதல் ஆயிரமும் விற்றுத் தீர்ந்துவிட்டன. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

அடுத்த தேங்காய்க்குச் செல்வரட்ணம் வந்தபோது, அருளம்பலத்தார் ஷோகேசைத் திறந்தார். தங்க விளிம்புக் கோப்பை ஒன்றை எடுத்துத் தவமலரிடம் கொடுத்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதில் ஊற்றினாள். அவரே சோசரோடு விறாந்தைக்குக் கொண்டுவந்தார்.

"இருங்கோ செல்வரட்ணம். இந்தக் கதிரையிலை இருங்கோ."

செல்வரட்ணம் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரும் வந்து நிற்கிறார்களோ என்று. ஒருவரும் இல்லை. அவர் கதிரையில் இருக்கவில்லை.

"நான் உண்மையை எழுதிப் போட்டன்," என்றார் அருளம்பலத்தார். "பேணி ஏன் எண்டு. ஒளிக்காமல் எழுதிப் போட்டன். வெட்கம் எண்டும் எழுதினனான்."

"மெய்யாவோ? ஆருக்கு எழுதினியள்?"

"அதிகாரசபைக்கு. பதிவுத் தபாலிலை."

"ஓ," என்றார் செல்வரட்ணம். "எனக்கோ எண்டு நினைச்சன்."

முற்றத்தில் பிடுங்கிப் போட்ட தேங்காய்கள் கிடந்தன. அருளம்பலத்தார் வாயைத் திறந்தார். ஆயிரம் கடிதம் எழுதிய மனிதருக்கு, எதிரில் நிற்கிற ஒருவருக்குச் சொல்ல ஒரு வசனமும் தொடங்கத் தெரியவில்லை.

செல்வரட்ணம் சைக்கிளில் கொழுவியிருந்த பைக்குள் கையை விட்டு, தன்னுடைய புறம் பேணியை எடுத்தார். புதிசு, பொட்டுப் பளபளத்தது. தங்க விளிம்புக் கோப்பையை இரண்டு விரலால் வாங்கி, உயர்த்திப் பிடித்து, ஒரு சொட்டும் சிந்தாமல் தேத்தண்ணியைத் தன் பேணிக்குள் ஊற்றினார். தவமலர் இருபத்தெட்டு வருடம் ஊற்றிய அதே உயரம்.

"இந்தாங்கோ ஐயா," என்று கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். "வாய் படேல்லை."

நின்றபடியே குடித்தார். குழாயில் கழுவினார். ஆணிப் பக்கம் போகாமல் சைக்கிளடிக்கு வந்து பேணியைக் கைபிடியில் கொழுவினார். கொழுக்கி அதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போல அச்சொட்டாகப் பொருந்தியது. இந்த ஒரு விசயத்தில் அதிகாரசபையைக் குறை சொல்ல முடியாது. "போட்டு வாறன்" என்று மிதித்தார். படலையைத் தாண்டும்வரை பேணி சைக்கிள் கம்பியில் அடிபடுகிற சத்தம் கேட்டது.

அருளம்பலத்தார் கையில் கோப்பையோடு நின்றார். உள்ளேயிருந்து தவமலர், "அதைக் கழுவுறதோ, அப்பிடியே வைக்கிறதோ?" என்று கேட்டாள்.